அப்பா ஞாபகமாக ஒரு பீரோ

"இந்த பீரோவை இன்னைக்கே வெளியே தூக்கிப் போட்டுடுங்க சார். இனிமே மருந்தெல்லாம் வேலைக்காகாது."

பூச்சி மருந்தடிக்க வந்தவர் மர பீரோவின் முதுகில் விரலை வைத்து அழுத்தினார். ஊறிய பிஸ்கட்டில் இறங்குவதுபோல் விரல் உள்ளே போனது. பின்பக்கம் முழுக்கக் கரையான் மண்.

"அப்படியே விட்டா என்னாகும்?" என்றார் வீட்டுக்காரர்.

"அடுத்தது கதவு நிலை. அப்புறம் உங்க சமையலறை அலமாரி."

அலமாரி என்றதும் வீட்டுக்காரரின் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. போன வருடம்தான் ஆசை ஆசையாகச் செய்தது. அதன் கதவைத் தொட வீட்டில் வேறு யாருக்கும் அனுமதி கிடையாது.

"தூக்கிப் போட மனசு வரலப்பா. எங்க அப்பா ஞாபகமா இருக்கிற பொருள்" என்றார் வீட்டுக்காரர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரவாயில்ல, தம்பி இருக்கான்" என்றார்.

மருந்தடிப்பவர் ஒரு மாதிரியாகச் சிரித்தார். "பீரோ போனதும் கூப்பிடுங்க, சுவருக்கு அடிச்சுத் தர்றேன்" என்று கிளம்பிவிட்டார்.

அப்பா போன பிறகு பீரோ அண்ணனுக்கு, கட்டில் தம்பிக்கு என்று பங்கு பிரிந்தது. 'பீரோ எனக்குன்னுதான் அப்பா சொன்னார்' என்று அன்றைக்கு ஆரம்பித்த பாட்டைத் தம்பி இன்னும் நிறுத்தவில்லை. கல்யாண வீடோ துக்க வீடோ, பீரோவை இழுக்காமல் அவனுக்குச் சோறு இறங்காது.

அண்ணன் போன் போட்டார்.

"டேய், நல்லா யோசிச்சுப் பார்த்தேன். அந்த பீரோவை நீயே எடுத்துக்கோடா."

"என்னண்ணா திடீர்னு?"

"ஒரு பீரோவுக்காகக் கூடப்பிறந்தவனை விட்டுடறதா? நாளைக்கே வண்டி பிடிச்சு வா."

"சும்மா வாங்கிட்டுப் போனா நான் மனுஷனாண்ணா? அப்பா கட்டிலை நீ வச்சுக்கோ. அதே வண்டியில கொண்டு வந்துடறேன்."

அண்ணன் போனைப் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். குப்பைக்குப் போக வேண்டியதைக் கொடுத்தால் தேக்குக் கட்டில் வீடு தேடி வருகிறது.

"பாவங்க உங்க தம்பி" என்றாள் மனைவி. பாவப்பட்டதோடு சரி. உடனே கரையான் மண்ணைச் சுரண்டித் துடைத்து, பீரோவின் பின்பக்கம் முழுக்கப் பூப்போட்ட காகிதம் ஒட்டினாள். ஒரு சுருக்கம் விழவில்லை.

மறுநாள் காலையிலேயே வண்டி வந்து நின்றது. கட்டிலில் புது வார்னிஷ் மணந்தது. வெயில் கொளுத்தும் நாளில் தம்பி முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துவரை பொத்தான் மாட்டியிருந்தான். அண்ணன் வீட்டுக்கு வர அவ்வளவு மரியாதை.

"மெதுவா தூக்குங்கப்பா, அதுல எங்கப்பாவோட உயிரே இருக்கு" என்று சுமை தூக்குபவர்களிடம் தழுதழுத்தார் அண்ணன். உயிர் இருந்தது உண்மைதான், அதுவும் ஆயிரக்கணக்கில்.

தம்பி பீரோவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எங்கே அண்ணன் மனசு மாறிவிடுவாரோ என்ற பயம் போலிருக்கிறது.

"காபி குடிச்சுட்டுப் போங்க தம்பி" என்றாள் அண்ணி.

"இருக்கட்டும் அண்ணி, இன்னொரு நாள் வர்றேன்" என்று கழுத்தைச் சொறிந்தபடி வண்டியில் ஏறியவன், சட்டென்று இறங்கி வந்து அண்ணனைக் கட்டிக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

அண்ணன் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார். சின்ன வயதில் ஒரே போர்வையில் படுத்தவர்கள். சொல்லிவிடலாமா என்றுகூட வாயெடுத்தார். வாசலிலிருந்து பார்க்கும்போது சமையலறை அலமாரி பளபளவென்று தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார்.

அந்த வாரமே சுவருக்கு மருந்தடிக்க ஆள் வந்தார். அண்ணன் கட்டிலில் காலை நீட்டிப் படுத்து, முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"பீரோவை என்ன சார் பண்ணீங்க?"

"தம்பிக்குக் கொடுத்துட்டேன். அவனும் வெறுங்கையோட வரல, அப்பா படுத்த கட்டிலையே எனக்குக் கொடுத்துட்டான். எங்க பாசம் அப்படிப்பா."

ஆள் கட்டிலைப் பார்த்தார். குனிந்து அதன் காலைப் பார்த்தார். பிறகு இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார்.

"போன மாசம்தான் சார் இந்தக் கட்டிலுக்கு மாத்தி மாத்தி மருந்தடிச்சேன். மூட்டைப்பூச்சி போகவே இல்ல, தூக்கிப் போட்டுடுங்கன்னு சொன்னேன். அவரும், 'மனசு வரலப்பா, அப்பா ஞாபகமா இருக்கிற பொருள். பரவாயில்ல, அண்ணன் இருக்கார்'னுதான் சொன்னாரு."