ஒரு லிட்டர் காற்று

தண்ணீர் பம்பின் பெட்ரோல் டேங்க் ஒழுகுகிறதென்று ஓர் அம்மாள் என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஒரு லிட்டர் கொள்ளும் டேங்க். கழுவி, அதன் வாயில் ரப்பர் குழாயைச் செருகி, தலைகீழாகத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, மேலே செங்கல்லை வைத்து ஊதினேன். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. மடிப்போரம் வந்தது.

குழாயை மடக்கிக் கட்டிவிட்டு, ஓட்டையை ஈயம் வைத்து அடைக்க சால்டரிங் அயர்னைச் சூடேற்றினேன். டீயும் குடித்தாயிற்று. குமிழி மட்டும் நிற்கவில்லை. ஒரு லிட்டர் டேங்கில் அரைமணி நேரக் காற்றா? கணக்கு உதைத்தது. இரண்டு சின்னக் குமிழி, ஒரு பெரியது, சற்றே இடைவெளி. மறுபடி இரண்டு சின்னது.

“என்னம்மா இது, முன்னாடி யாராவது இதுல கை வெச்சாங்களா?”

“இல்ல தம்பி. எஞ்சின் அடம்புடிச்சா எங்க வீட்டுக்காரர் டேங்குல வாய வெச்சு ஊதுவார், அவ்வளவுதான். அவர் தவறி மூணு மாசமாச்சு.”

அம்மாள் தொட்டியருகே குந்திக் குமிழிகளையே பார்த்தார்.

“தூங்கறப்போ இப்படித்தான் மூச்சு விடுவார்.”

அயர்ன் நன்றாகக் காய்ந்திருந்தது.

“அடைச்சிடட்டுமாம்மா?”

அவர் நீருக்குள் கையை விட்டார். குமிழிகள் விரலிடுக்கில் ஒவ்வொன்றாக ஏறிவந்தன.

“வேற டேங்க் போட்டுக் குடுங்க தம்பி. இத அடைச்சா அவருக்கு மூச்சு முட்டும்.”