கடைசி வாத்துக்குப் பின்னால்

குளம் வற்றிப் போனதால் அறுபது வாத்துகள் தண்ணீர் தேடிக் கிளம்பின. முன்னால் போனது செம்மூக்கன். அதற்கு வழியில் கண்ணே இல்லை. பின்னால் வரிசை எவ்வளவு நீளம் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துப் பூரித்துக்கொண்டே நடந்தது.

உச்சி வெயிலில் எதிரே ஒரு வால் ஆடியது. 'எனக்கு முன்னால் யார்?' என்று செம்மூக்கன் ஓடிப்போய் எட்டிப் பிடித்தது.

"அண்ணே, நான் புள்ளிச்சி. வரிசையில நான்தான் கடைசி," என்றது அந்த நொண்டி வாத்து. "நீங்க ஏன் என் பின்னால வர்றீங்க?"

காலையிலிருந்து அத்தனையும் ஒரே வயலைத்தான் சுற்றியிருக்கின்றன!

செம்மூக்கனை வெட்கம் பிடுங்கித் தின்றது. "நாம எதுக்கும்மா கிளம்பினோம்?"

"தண்ணிக்கு அண்ணே. நாக்கு ஒட்டிக்கிச்சு."

செம்மூக்கன் அன்று முதல்முறையாக மூக்கைத் தூக்கியது. தெற்கே சேற்று வாசம்! அந்தப் பக்கமே நடந்தது.

ஏரி வந்தது. ஐம்பத்தெட்டு வாத்துகள் தடதடவென்று குதித்தன. செம்மூக்கன் மட்டும் கரையில் நின்றது.

"இறங்கலையா அண்ணே?" என்றபடி நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தது புள்ளிச்சி.

"முதல்ல நீ இறங்கு தாயி. உன் காலு நனைஞ்சாத்தான் நான் வந்து சேர்ந்த மாதிரி."

புள்ளிச்சி பொத்தென்று தண்ணீரில் விழுந்தது. ஏரியே அதிரும்படி அறுபது வாத்துகளும் கத்தின.