நூறு வாட்

மிதித்துக்கொண்டே இருந்தார்.

சைக்கிள் நகரவில்லை. நெஞ்சில் ஒட்டிய ஒயர்கள் மட்டும் ஆடின. எதிரே சின்னத் திரையில் ஐம்பது.

ஐம்பது வாட்.

கிலோவாட்டில் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஐந்து. மெகாவாட்டில் சொல்வதென்றால் புள்ளிக்குப் பிறகு நான்கு பூஜ்யம் போட்டுத்தான் அந்த ஐந்தை எழுத வேண்டும்.

மருதாசலம் மலை மேலிருக்கும் மின் நிலையத்தில் ஷிப்ட் ஆபரேட்டர். அங்கே ஓடும் எந்திரம் ஒவ்வொன்றும் இருபது மெகாவாட். இரண்டு கோடி வாட். வாட் கணக்கில் எண்ணி அவருக்குப் பழக்கமே இல்லை.

மாரடைப்புக்குப் பிறகு வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். ஓடாத மோட்டாரைப் பிரித்தார். ஓடிக்கொண்டிருந்ததையும் பிரித்தார். கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டு, இப்போது எத்தனை மெகாவாட் போகிறது என்று கேட்பார். சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள்.

நூறு வாட் மிதித்துக் காட்டினால் வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். சின்ன வயதுப் பெண். மருதாசலம் சிரித்துவிட்டார்.

நூறு. பழைய குண்டு பல்பு ஒன்று.

எழுபத்தைந்து.

பெடல் கனத்தது. தொடை நடுங்கியது. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஏழு ஐந்து என்று மனசு தானாகவே போட்டது. போட்டதையே திரும்பத் திரும்பப் போட்டது.

வலித்தால் உடனே சொல்ல வேண்டும் என்றிருந்தார் டாக்டர்.

இடது தோளுக்குக் கீழே ஏதோ பிடித்தது.

அவர் சொல்லவில்லை.

டாக்டர் கணினியில் ஓடும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி துளசிமணி மருதாசலத்தின் சட்டையைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். அவள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

திரையில் நூறு வந்தது. இனிக் கொஞ்ச நேரம் தாங்கினால் போதும்.

"நிறுத்துங்க டாக்டரம்மா. அவருக்கு வலிக்குது. சொல்ல மாட்டாருங்க."

இல்லை என்றார் மருதாசலம். வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

படுக்க வைத்தார்கள். நாக்குக்கடியில் மாத்திரை வைத்தார்கள். இன்னொரு அடைப்பு இருக்கலாம், இன்றைக்கே பார்த்துவிட வேண்டும் என்றார் டாக்டர். வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, மருதாசலமும் கேட்கவில்லை.

ஸ்ட்ரெச்சருக்குச் சொல்லிவிட்டு, துளசிமணியைத் தவிர எல்லாரும் போனார்கள்.

அவர் கூரையைப் பார்த்துக் கிடந்தார். கால்கள் போர்வைக்குள் மிதித்துக்கொண்டுதான் இருந்தன.

அவளிடம் கேட்டார்.

"நான் உன்ற மொகத்தக்கூடப் பாக்கலியே. எப்படிக் கண்டுபிடிச்ச?"

"மூச்சுச் சத்தம் மாறிப்போச்சுங்க."

மீட்டர் முள் காட்டுவதற்கு முன்பே எந்திரத்தின் சத்தத்தைக் கேட்டு, யாரிடமும் கேட்காமல், ஒருமுறை மருதாசலம் இருபது மெகாவாட்டை நிறுத்தியிருக்கிறார்.

கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து படுத்தார்.

அவள் உட்காருகிற அளவுக்கு.