ஒரே ஒடிப்பு

"ஒடி... இன்னும் ஒடி! சாப்ட்டியா இல்லியா நைனா?"

ஸ்டியரிங் இடது கோடிக்குப் போனதும் 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். பூந்தமல்லி ஷெட்டில், பிக்-அப் வண்டிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் வேம்புலி தலையில் அடித்துக்கொண்டார். எந்தப் புண்ணியவானோ அளவுக்கு மீறின டயரை மாட்டிவிட்டிருக்கிறான். நேரே போனால் ஒன்றுமில்லை; முழுசாகத் திருப்பினால் மட்கார்டின் உள்பக்கம் உரசித் தொலைக்கிறது.

"யார்ப்பா மாட்டினது?"

"நான்தான் அண்ணாத்தே," என்றான் ஆனந்தன். முப்பது வயசு இருக்கும். மழையில் நனைந்த சட்டையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"சீன் காட்றதுக்கு மாட்டிக்கினு, அப்புறம் வந்து எங்க உசுர வாங்குங்க. இரு, ஒரு போல்ட்ட முடுக்கி வுட்றேன். சக்கரம் பாதி ஒடிப்புலயே நின்னுடும், உரசாது. அஞ்சு நிமிஷ வேலை."

"ஐயோ, வேணாம்! முழுசா ஒடியணும். நான் போற தெருமுனை ரொம்ப குறுகல். ஒரே ஒடிப்புல திரும்பலன்னா ரிவர்ஸ் எடுக்கணும். தண்ணிக்குள்ள நின்னா வண்டி ஆஃப் ஆயிடும்."

"இன்னா தண்ணி?"

"கோவில்பதாகை ஊருக்குள்ள. ஏரி ரொம்பிக்கினு கீது அண்ணாத்தே."

"அப்டின்னா உள்ள கீற பிளாஸ்டிக்க அறுத்து, தகட்ட அடிச்சு மடக்கணும். நாளைக்கு சாயந்தரம் வா."

அதற்குள் ஆனந்தனின் போன் அடித்தது. எடுத்தவன் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாம்மா, வலி வந்துடுச்சா? தண்ணி முட்டி வரைக்கும் ஏறிடுச்சா? வித்யாவ மாடியிலேயே வெச்சிருங்க. யாரும் கீழ எறங்காதீங்க. நான் வந்துர்றேன்."

வேம்புலி எழுந்து வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். தார்ப்பாய்க் கூரை. கீழே மெத்தை, தலையணை, இரண்டு கம்பளி. சீன் காட்ட மாட்டின டயர் இல்லை இது; தண்ணீரில் போக வண்டியை உயர்த்த மாட்டினது. சொன்ன சொல்லை நினைத்து அவருக்கே கூச்சமாகப் போயிற்று.

"டேய் சந்தோஷ், அந்தக் கட்டரை எடு!" என்று பக்கத்து ஷெட்டுக்காரனிடம் கத்தினார்.

பிளாஸ்டிக் அறுந்து விழுந்தது. தகட்டின் விளிம்பில் சுத்தியல் விழ ஆரம்பித்தது. ஆனந்தன் டார்ச் பிடித்தான்.

"போன வருஷ மழையிலகூட அங்க ஒரு பொண்ணுக்குக் குழந்த பூட்ச்சே..." என்றார் வேம்புலி, அடித்துக்கொண்டே.

"அதே பொண்ணுதான் அண்ணாத்தே."

சுத்தியல் ஒரு விநாடி நின்றது. அடப்பாவமே! அப்புறம் முன்னைவிட இரண்டு பங்கு வேகமாக அடித்தார்.

"அன்னிக்கு ஆம்புலன்ஸ் தெருமுனை வரைக்கும் வந்துச்சாம். தண்ணியப் பார்த்துட்டு டிரைவர் திருப்பிக்கினு பூட்டானாம். மன்சனா அவன்? என் கையில கெடச்சான்னு வையி, இந்த சுத்தியாலயே... இன்னா நைனா, லைட்டு ஆடுது? நேரா காட்டு!"

ஆனந்தன் இரண்டு கையாலும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டான்.

வேலை முடிந்ததும் பக்கத்து ஷெட் ஆட்கள் நாலு பேரைப் பின்னால் ஏற்றி, ஒரு பக்கச் சக்கரத்தைச் செங்கல்மேல் ஏறவிட்டு ஒடிக்கச் சொன்னார் வேம்புலி. பாரம் ஏறினால்தான் வண்டவாளம் தெரியும். இடது பக்கம் சத்தமில்லை. வலது பக்கம் மறுபடியும் 'சர்ர்ர்'.

போன் திரும்ப அடித்தது. ஆனந்தன் எடுத்துக் கேட்டான். போனை வைத்தான். "அண்ணாத்தே, பனிக்குடம் ஒடஞ்சிடுச்சாம்," என்றான்.

வேம்புலி சேற்றிலேயே மல்லாந்து படுத்து, வலது தகட்டைப் பிடித்து அடித்து மடக்கினார். கட்டைவிரல் நசுங்கியது. பொருட்படுத்தவில்லை.

"இப்ப ஒடி!"

சக்கரம் கோடிக்குப் போய் நின்றது. மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"கெளம்பு, கெளம்பு! காசெல்லாம் அப்பால பாத்துக்கலாம். தண்ணிக்குள்ள ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுக்காத, ஒரே கியர்ல போ. உன் சம்சாரத்தப் பத்திரமா கூட்டிக்கினு போ நைனா, இந்த வாட்டி எல்லாம் நல்லபடியா நடக்கும்."

கியரைப் போட்ட ஆனந்தன் அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்:

"அது என் சம்சாரம் இல்ல அண்ணாத்தே. போன வருஷம் அந்த முனையில ஆம்புலன்ஸத் திருப்பிக்கினு போனவன் நான்தான்."