பழம் கொடுக்காத கூண்டு

“கொய்யாப்பழம் கொடுத்த முயலுக்கு ரத்தத்துல கொழுப்பு குறைஞ்சிருக்கு, சரி. பழமே கொடுக்காத முயலுக்கும் எப்படிம்மா குறையும்?”

பெருமாநல்லூரில் தங்கள் பனியன் கம்பெனிக்குப் பின்னால், ஆராய்ச்சிப் படிப்புக்காக முயல் வளர்த்த ஜனனி, ரிப்போர்ட்டும் கையுமாக நின்றாள். மூன்று மாத உழைப்பு வீணாகிவிடும் போலிருந்தது.

“உன்ற முயலாவது தேவலை கண்ணு. உங்கப்பாவுக்கு மூணு மாசமா காலைல இட்லியை நிறுத்திப்போட்டு, தட்டு நெறையக் கொய்யாதான். நடந்துக்கிட்டே தின்னா நல்லதுன்னு தட்டோட கம்பெனிக்குப் பொறத்தால போயிருவாரு. இங்க பாரு, கொழுப்பு ஏறியிருக்குது!” அம்மா பூங்கொடி இன்னொரு ரிப்போர்ட்டை நீட்டினாள்.

“லேப்புல முயலோடதையும் என்னோடதையும் மாத்தியிருப்பாங்க” என்றார் அப்பா மகுடேஸ்வரன்.

“முயலையே பாத்துரலாம், வாங்கப்பா.”

மூவரும் கொட்டகைக்குள் நுழைந்தார்கள். பழம் தின்ற முயல்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழம் கொடுக்காத கூண்டிலிருந்த ஆறு முயல்களும், மகுடேஸ்வரனைக் கண்டதும் ஓடிவந்து, கம்பியில் முன்னங்காலை வைத்து எழுந்து நின்றன.

“அதுக பாவம் கண்ணு. பக்கத்துக் கூண்டு திங்கறதைப் பாத்துட்டே நின்னுதுக...” என்று இழுத்தார்.

பூங்கொடி மகளிடம் சொன்னாள்: “அடுத்தவாட்டி உங்கப்பாவையும் ஒரு கூண்டுல போட்டே ஆராய்ச்சி பண்ணு.”