என் முதுகுக்கு ஒரு தூண்

எங்கள் நூலகத்தின் முகப்புத் தூண்களை அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். மேகங்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து வலக்கோடித் தூண் என்னுடையது. அதில் சாய்ந்து நாளிதழ் படித்தால்தான் முதுகுவலி என்னை மறக்கும். பக்கத்துத் தூண் என் சம்பந்தியுடையது.

போன வாரம் கட்டடத்தைச் சோதிக்க வந்த பொறியாளர் ஏணியில் ஏறி, என் தூணின் உச்சிக்கும் கூரைக்கும் நடுவே கையை நுழைத்துக் காட்டினார்.

"இது எதையுமே தாங்கல சார். சும்மா நிக்குது. நாளைக்கு எடுத்துடலாம்."

சம்பந்திக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா, உங்க தூணும் ரிடையர் ஆயிடுச்சு!"

எல்லோரும் போனபின் தூணைத் தட்டிக்கொடுத்தேன். "கொஞ்சம் எம்பி நில்லுப்பா. மானம் போகுது."

மறுநாள் காலை பொறியாளர் மறுபடி ஏறினார். கை நுழையவில்லை, விரல்கூட நுழையவில்லை. தூண் கூரையைக் கச்சிதமாகத் தொட்டுக்கொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடி தேய்ந்துபோகும் அளவுக்குத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "சரி, இருக்கட்டும்" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நான் மாப்பிள்ளை முறுக்கோடு சாய்ந்து உட்கார்ந்தேன். சாய்மானம் எப்போதும்போல் சுகமாகத்தான் இருந்தது. அப்போது சம்பந்தியின் நாளிதழிலிருந்து ஒரு தாள் காற்றில் நழுவி, என் தூணின் அடியில் நுழைந்து, மறுபக்கம் கசங்காமல் வெளியே வந்தது.

சம்பந்தி குனிந்து பார்த்தார். தூணின் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே வெயில் தெரிந்தது.

"சம்பந்தி," என்றார் மெல்ல, "பாத்து சாயுங்க. பாவம், அதுக்குக் கால் வலிக்கும்."