மொட்டைக்கு ரெண்டு

“மொட்டை யாருக்கு? அதை மட்டும் சொல்லு.”

கிருஷ்ணப்பன் குரலை உயர்த்தவில்லை. ஓசூர் சிப்காட்டை ஒட்டிய அந்தப் பெண்கள் விடுதியின் வரவேற்பறையில், ஷூவைக்கூடக் கழற்றாமல், முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார். எதிரே நின்ற மகள் தர்ஷினி தலை நிமிரவில்லை.

அவர் கையில் இருந்தது மனைவியின் போன். காலையில் சென்னம்மாள் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு ராகிக் கொல்லைக்குப் போயிருந்தாள். அப்போதுதான் மகளின் செய்தி வந்தது. ‘அம்மா, மொட்டைக்கு ரெண்டு பின்னி முடிச்சிட்டேன். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.’ மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஜவளகிரியில் பஸ் ஏறிவிட்டார்.

“நம்ம சொந்தத்துல யார் வீட்லயும் கைக்குழந்தை இல்ல. அப்புறம் யாருக்கு மொட்டை போடறாங்க? உங்கம்மாவுக்குத் தெரியுது, எனக்குத் தெரியக் கூடாதா?”

“நீங்க நெனைக்கிற மாதிரி இல்லப்பா.”

“அப்ப எப்படி? சொல்லு.”

வார்டன் ராஜலட்சுமி மாடிக்குப் போய், தர்ஷினியின் தகரப் பெட்டியைத் தூக்கி வந்து மேசைமேல் கவிழ்த்தாள். உல்லன் உருண்டைகள், பின்னல் ஊசிகள், கட்டம் போட்ட நோட்டு. தர்ஷினி தானே வரைந்து தனக்கென்று பின்னிக்கொண்ட தலைப்பட்டை, மப்ளர், போன் பை. ஒன்றில் இருந்த பூ இன்னொன்றில் இல்லை.

“மத்த புள்ளைங்க ஷிப்ட் முடிஞ்சா போனை நோண்டும். இவ ஒருத்திதான் சார் ஊசியும் நூலுமாக் கெடப்பா. நல்ல புள்ளைன்னு நெனச்சேன்.”

கிருஷ்ணப்பனும் அப்படித்தான் நினைத்திருந்தார். போன பொங்கலுக்கு அவள் தான் பின்னிய தோள்பையோடு வந்து இறங்கியபோது, ‘கடையில வாங்கினது இல்ல, எம்பொண்ணு கைவேலை’ என்று பஸ் ஸ்டாண்டில் கேட்காதவர்களிடமும் சொன்னார்.

குவியலின் அடியில் சந்தன நிறத்தில் இரண்டு குல்லாய்கள் இருந்தன. வார்டன் ஒன்றை எடுத்து உள்ளே விரல் விட்டுப் பார்த்தாள்.

“தையலே இல்லாம சுத்திச் சுத்திப் பின்னியிருக்கா. இது உல்லன்கூட இல்ல, பருத்தி நூல். பச்ச உடம்புல உறுத்தக் கூடாதில்ல, அதான்.” நோட்டைப் புரட்டினாள். “எழுதியும் வெச்சிருக்கா பாருங்க. ‘மொட்டை, சுற்றளவு பன்னெண்டு இஞ்ச்.’ ரெண்டு பெத்தவ சார் நான். இது கைக்குழந்தை அளவு.”

மாடிப்படியில் கூடியிருந்த பெண்களில் ஒருத்தி, “லீவே போடலையேடி, எப்பப் பெத்தா?” என்றாள். இன்னொருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தர்ஷினி சட்டென்று நிமிர்ந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வார்டன் முந்திக்கொண்டாள்.

“எங்க பெரியக்காவை ஜவளகிரிலதான் குடுத்திருக்கு சார். மாவு மில் வீடு. உங்க குடும்பத்தைப் பத்தி அவ்வளவு உசத்தியா சொல்லுவா.”

தர்ஷினி வாயை மூடிக்கொண்டாள்.

கிருஷ்ணப்பன் கண்களை மூடித் திறந்தார். மாவு மில்லுக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்த மாதிரி.

“எங்க தாத்தா காலத்துலேர்ந்து எங்க வீட்டைப் பார்த்து ஒருத்தன் கை நீட்டிப் பேசினது இல்ல. அவன் யாருன்னு சொல்லிடு. எந்த சாதிக்காரனா இருந்தாலும் போய்ப் பேசறேன்.”

“யாரும் இல்ல. என்னைக் கூட்டிட்டுப் போங்கப்பா. வேலைய விட்டுடறேன்.”

அடுத்த மாதம் லைன் லீடர் ஆகவேண்டியவள். மூன்று வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்து வாங்கிய பெயர். அதை இவ்வளவு லேசாக விடுகிறாள் என்றால் இனிக் கேட்க ஒன்றுமில்லை என்று அவருக்குப் பட்டது.

வார்டன் பதிவேட்டை நகர்த்தினாள். “காலி பண்றதுக்குக் காரணம் எழுதணும் சார். கம்பெனிக்கும் ஒரு காப்பி போகும்.”

“பொய் எழுதற பழக்கம் எனக்கில்ல” என்றார் கிருஷ்ணப்பன். ‘நடத்தை சரியில்லை’ என்று தன் கையாலேயே எழுதி, கீழே முழுப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டார். தர்ஷினி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். தடுக்கவில்லை.

வெளியே வந்தார்கள். கம்பெனிப் பேருந்து இரண்டாவது ஷிப்ட் பெண்களை ஏற்றிக்கொண்டு தாண்டிப் போனது. ஜன்னலோரத் தலைகள் எல்லாம் திரும்பின. நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. அவர் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, மகளின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“குழந்தை எங்க இருக்குது?”

தர்ஷினி பையிலிருந்து அந்த இரண்டையும் எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

“அளவு சரியாத்தான் இருக்கும்ப்பா. நீங்க தூங்கறப்ப அம்மா நூல் வெச்சு எடுத்தாங்க. கடையில வாங்கினதுன்னு சொல்லிக் குடுக்கறதா இருந்தாங்க.”

“என்ன ஒளர்ற?”

“நீங்க மாட்டிக்கிற பொய்க்காலு உரசி உரசி, வெட்டின எடத்துல ரத்தம் கசியுதுன்னு அம்மா அழுதாங்க. அந்த எடத்தை அம்மா மொட்டைன்னுதான் சொல்லுவாங்க. முழங்காலுக்குக் கீழ எடுத்தது ஊர்ல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது, பெத்த பொண்ணு எனக்கே தெரியக் கூடாதுன்னு அம்மாகிட்ட சத்தியம் வாங்கியிருக்கீங்க. மாவு மில்லுக்காரங்க தங்கச்சி எதுக்க அதை நான் எப்படிப்பா சொல்லுவேன்?”